திருகோணமலையில் எங்கள் பழைய வளவு: யார் கட்டியது, எப்போது கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வளவுப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகருக்குள் உட்துறைமுக வீதிப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் அம்மம்மாவின் வீடு இருக்கிறது. ஊரில் முதலாளி வளவு என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். முன்னுக்கு வார்ப்பிரும்புத் தூண் வைத்த நீளமான விறாந்தை, உள்ளே பெரிய மண்டபம், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், பின்னால் தனியாகக் குசினி, அதற்கும் பின்னால் கிணறு. மண்டபத்துக்கு மேலே மட்டும் பலகைத் தட்டுப் போட்ட மேல்மாடி, அதில் இரண்டு அறை. மண்டபத்துக் கூரையில், கயிற்றால் இழுத்து விசிறுகிற பங்கா கட்டிய கொளுக்கிகள் இன்னும் தொங்குகின்றன.

விக்டோரியா ராணி காலத்து வீடு என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் யார் கட்டியது என்று கேட்டால்தான் சண்டை. ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமா, ஒரு வெள்ளைக்கார அட்மிரல் தான் குடியிருக்கக் கட்டி, ஊருக்குத் திரும்பும்போது எங்கள் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்கிறார். அம்மம்மா உயிரோடு இருந்தபோது சொன்னது வேறு: அவவின் அம்மம்மாவின் தகப்பன் கடற்படையின் கப்பல் திருத்துகிற டொக்யார்டுக்கு மரம் கொடுத்த கொந்தராத்துக்காரர், அந்தக் காசில் அவர் கட்டிய வீடு இது.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வீடு அம்மாவுக்கும் அவவின் சகோதரங்கள் நாலு பேருக்கும் பிரிக்காத பங்காக இருக்கிறது. இரண்டு பேர் விற்கச் சொல்கிறார்கள், வாங்கக் கேட்கிறவர் இடித்துவிட்டு விருந்தினர் விடுதி கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வீடு போவதில் விருப்பமே இல்லை. போகத்தான் போகிறது என்றாலும் அதன் கதையாவது ஒழுங்காக எழுதப்பட்டு இருக்க வேண்டும். எங்கே தொடங்குவது? யாரிடம் போவது? வீட்டைப் பார்த்தே வயது சொல்ல முடியுமா?

சாந்துக்கரண்டி எழுதியது:

தங்கச்சி, முடியும். ஒரு ஆண்டைக் குறித்துச் சொல்ல வராது, ஆனால் இதற்கு முன்னால் இருக்காது, இதற்குப் பிறகு இருக்காது என்று சொல்லலாம். நான் பழைய வீடு திருத்துகிற வேலை செய்கிறவன், திருகோணமலையிலும் மூதூர்ப் பக்கத்திலும் இப்படியான வீடுகளில் கை வைத்திருக்கிறேன்.

முதலில் கூரை. ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான கள்ளிக்கோட்டை ஓடு என்றால் எழுத்து அச்சு இருக்கும். பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல், அதனால் அந்த அச்சுள்ள ஓடு அதற்கு முன் வந்திருக்கவே முடியாது. ஆனால் கவனம், ஓட்டின் வயது வீட்டின் வயது இல்லை. 1964 டிசம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு நம் பக்கத்தில் எத்தனையோ கூரைகள் மாற்றி வேயப்பட்டவை. குசினிப் பக்கம், மாட்டுக்கொட்டில் பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே அரைவட்டப் பீலி ஓடு மிச்சம் இருந்தால் முதற்கூரை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது சுவர். சாந்து உதிர்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவாக உதிர்ந்து, உள்ளே சிப்பித் துண்டும் கரித் துணுக்கும் தெரிந்தால் அது சூளையில் சுட்ட சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கல்லுப்போல் நின்றால் பிற்காலத்துச் சீமெந்துப் பூச்சு. உள்ளே முருகைக்கல் (பவளக்கல்) வைத்துக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், கடற்கரை ஊர்களில் அதுதான் கைக்கெட்டிய கல். இன்னொன்று, இந்தச் சுவருக்குத் தயவுசெய்து சீமெந்து பூச விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, நாலைந்து மாரியில் உப்புப் பூத்துச் சுவரே பொருக்கு விட்டுவிடும். ஈரச்சுவர் என்று சொல்லி இடித்த வீடுகளில் பாதி இப்படிக் கெட்டவைதான், இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆணியைப் பாருங்கள். இதுதான் நான் முதலில் தேடுவது. கீழ்வீட்டுக் கதவு நிலைகளிலும் தீராந்தி என்கிற உத்திரங்களிலும் சதுர உடம்புள்ள ஆணியோ, மரமுளையோ இருந்தால் அது பழைய வேலை. வட்டக் கம்பி ஆணி எல்லா இடமும் பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். உங்கள் மேல்மாடிப் பலகைகளில் வட்ட ஆணி மட்டும் இருந்தால் மேல்மாடி பிறகு ஏற்றியது என்று நான் சந்தேகப்படுவேன். மண்டபத்துக்கு மேலே மட்டும் மாடி என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே அப்படித்தான் தோன்றியது.

விறாந்தைத் தூணின் அடிப்பீடத்தில் எத்தனையோ முறை பூசிய பெயின்ற் இருக்கும், அதை மெதுவாகச் சுரண்டினால் வார்ப்பாலையின் பெயர் கிடைக்கலாம். கிளாஸ்கோவில் மக்ஃபார்லேன் போன்ற ஆலைகள் பட்டியல் புத்தகம் அச்சடித்து, அதைப் பார்த்து ஆட்கள் தெரிவு செய்யத் தூணும் கிராதியும் கப்பலில் அனுப்பின. பெயர் கிடைத்தால் அந்த வார்ப்பு எந்தக் காலத்துப் பட்டியலில் இருந்தது என்று தேடலாம்.

மரத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன். தீராந்தி பாலையா முதிரையா சாவண்டலையா என்று நல்ல ஓடாவி (தச்சர்) ஒருவரைக் கூட்டிப் போய்க் கேளுங்கள். சாவண்டலை மரம் இங்கிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி அங்கே திருகோணமலை மரம் என்ற பெயரிலேயே விலைப்பட்டது. உங்கள் அம்மம்மா சொன்ன மரக் கொந்தராத்துக் கதைக்கு இந்த ஊரில் இடம் நிறைய இருக்கிறது.

உறுதிப்பெட்டி எழுதியது:

நான் காணிப் பதிவகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிள்ளை, ஆணியும் ஓடும் பார்க்கலாம், ஆனால் முதலில் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, தேடுங்கள். கடைசி உறுதி யாருடைய கையில் இருக்கிறது? அதில் காணியின் பெயர், பரப்பளவு, நாலு எல்லை, பதிவகத்தின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தோடு திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குப் போய் ஏட்டைப் பார்க்க விண்ணப்பம் கொடுங்கள். ஒரு பக்கம் நிரம்பினால் அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், முந்திய பக்கம் எது என்று அதிலேயே குறிப்பு இருக்கும். அப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இலங்கையில் காணிக் கைமாற்றத்தை, உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில் எழுதித்தான் செய்ய வேண்டும் என்று வந்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். உறுதிகளைப் பதிகிற முறை 1863ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்குகிறது. ஆகவே விக்டோரியா காலத்து வீடு என்றால் பாதிக்கு மேல் பதிவுக்குள் அகப்படும். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதால், வீட்டில் கறையான் தின்ற உறுதிக்கும் அங்கே பிரதி கிடைக்க வாய்ப்பு உண்டு.

இப்போது முக்கியமான விடயம். உறுதியில் யார் விற்றார், யார் வாங்கினார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். எல்லைகளுக்குப் பிறகு "இதற்குள் அடங்கிய" என்று தொடங்கி ஒரு வரி வரும். அந்த வரியில் காணிக்குள் நிற்கிறதெல்லாம் எழுதியிருக்கும்: ஓலைக்கொட்டில், கிணறு, தென்னை, பலா, கல்வீடு, மதில், எல்லாம். ஒரு உறுதியில் கொட்டில் என்றும் அடுத்த உறுதியில் கல்வீடு என்றும் இருந்தால் இடையில்தான் வீடு எழும்பியிருக்கிறது. கட்டியவர் பெயரை எந்த உறுதியும் நேரே சொல்லாது, அந்த இடைவெளியில் காணிக்கு உரியவராக இருந்தவர் யார் என்று பாருங்கள்.

சீதன உறுதிகளைத் தவற விடாதீர்கள். நம் ஆட்களிடம் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குத்தான் எழுதப்பட்டது.

கோட்டையடி மாஸ்டர் எழுதியது:

அட்மிரல் கதையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் பழைய கல்வீடு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு துரை ஒட்டியிருக்கிறார். கோட்டைக்குள் வெல்லிங்டன் வீடு என்று ஒன்று இருப்பது உண்மை. பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லி 1800ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்து தங்கியதும் உண்மை. அந்தப் புகழ் மற்ற வீடுகளுக்கும் பரவிவிட்டது.

ஆனால் கடற்படைத் தளபதிக்கு வீடு கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவருக்கென்று டொக்யார்ட் நிலத்துக்குள் அட்மிரல்டி ஹவுஸ் இருந்தது, இப்போது அது நம் கடற்படையின் கையில் இருக்கிறது. அந்த நிலம் முழுவதும் முடிக்குரியது. அந்தப் பதவிக்கு வந்தவர்கள் வருடக்கணக்கில் ஒரே ஊரில் இருந்தவர்களும் இல்லை, கப்பலோடு அலைந்தவர்கள். ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் அந்தப் பதவியில் இருந்தவர். 1852இல் பர்மியப் போருக்குப் போய் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்து, திருகோணமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நகர்க் கடற்கரையோரப் பழைய சவக்காலையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நகரத்து ஒழுங்கையில் நடுமுற்றம் வைத்த வீடு கட்டுவார்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுமுற்றமும் தனிக் குசினியும் நம்முடைய வீட்டு முறை. இரும்புத் தூணும் பங்காவும் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டவை. அந்த இரண்டும் ஒரே கூரைக்குள் சேர்ந்திருப்பதுதான் இந்த வீட்டின் அழகே.

காசு எங்கிருந்து வந்திருக்கும்? டொக்யார்டுக்கு மரம், கயிறு, சுண்ணாம்பு, மாடு, அரிசி என்று கொடுத்தவர்கள் கையில் காசு புரண்டது. தம்பலகாமம் பக்கத்துக் கடலேரியில் சிறுமுத்துக் குளிப்பு இருந்தது. 1870களில் கவர்னர் கிரெகரி காலத்தில் கந்தளாய்க் குளம் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பக்கம் வயல் வைத்திருந்தவர்களுக்கும் வருமானம் கூடியது. இதில் எது உங்கள் குடும்பம் என்று தேட, ஃபெர்குசன் டிரெக்டரி என்று ஆண்டுதோறும் வந்த பெரிய தொகுப்பில் திருகோணமலைப் பகுதியைப் பாருங்கள், உத்தியோகத்தரும் வியாபாரிகளும் பெயரோடு வருவார்கள். கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) நாட்குறிப்புகளும் இருக்கின்றன, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

சாந்துக்கரண்டி தம்பி மேல்மாடியைப் பற்றிச் சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஒரு விடயம் சேர்க்கிறேன். 1905இல் பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்த டொக்யார்டை மூடியது. ஜெர்மனியை நினைத்துக் கப்பல்களை எல்லாம் தன் நாட்டுக் கடலுக்கு இழுத்துக்கொண்ட காலம். அதோடு இந்த நகரம் ஒரு தலைமுறைக்குத் தூங்கிப்போனது. மறுபடி எழும்பியது 1920களில்: சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் கட்டத் தொடங்கினார்கள், 1927இல் ரயில் வந்தது. ஆகவே மாடி ஏற்றக் காசு இருந்த காலம் ஒன்று 1905க்கு முன், இல்லாவிட்டால் 1920களில். இடையில் இருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம், 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் குண்டு போட்டபோது உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் சனம் ஊரை விட்டு ஓடியது, பட்டாளம் வந்து தங்கியது. உங்கள் மாமாவின் அட்மிரல் அந்த நாளில் வந்து குடியிருந்த ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியாக இருக்கலாம். அவரைக் கோபிக்காதீர்கள், அவர் சிறுவயதில் கேட்டதைத்தான் சொல்கிறார்.

வளவுப்பிள்ளை எழுதியது:

ஐயாமார், அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

உறுதி சின்ன மாமாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அதில் உள்ள இலக்கத்தை வைத்துப் பதிவகத்தில் பின்னோக்கிப் போனோம். 1871இல் ஒரு கிரய உறுதி. வாங்கியவர் அம்மம்மா சொன்ன அதே கொந்தராத்துக்காரர். காணி 1 றூட் 18 பேர்ச். இதற்குள் அடங்கியது "ஓலைக்கொட்டிலும் கிணறும் தென்னைகளும்". அடுத்தது 1893இல் ஒரு சீதன உறுதி: அவர் தன் மகளுக்கு எழுதியது. அதில் "கல்வீடும் குசினியும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் சுற்றுமதிலும்" என்று இருக்கிறது. மேல்மாடி என்று ஒரு சொல்லும் இல்லை. 1929இல் அந்த மகள் தன் மகளுக்கு எழுதிய சீதன உறுதியில்தான் "மேல்மாடியுடன் கூடிய கல்வீடு" என்று வருகிறது. அதற்குப் பிறகு அம்மம்மாவுக்கு.

அதாவது வீடு எழும்பியது 1871க்கும் 1893க்கும் இடையில், மாடி 1929க்கு முன். ஓடாவி ஒருவரைக் கூட்டிப் போய்ப் பார்த்தோம். கீழே கதவு நிலைகளில் சதுர ஆணியும் மரமுளையும், மேலே பலகையில் முழுக்க வட்ட ஆணி. விறாந்தை ஓட்டின் அடியில் பாசல் மிஷன் அச்சு தெளிவாக இருக்கிறது. குசினிக் கூரையின் ஒரு மூலையில் பீலி ஓடு இன்னும் இருக்கிறது. தூணைச் சுரண்டப் பெரியம்மா விடவில்லை, அது வேறு கதை.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. ஊர் முழுக்க முதலாளி வளவு என்கிறது, மண்டபத்துச் சுவரில் வரிசையாக ஆண்களின் படங்கள்தான் தொங்குகின்றன. ஆனால் 1893இலிருந்து அம்மம்மா இருக்கும் வரை இந்த வீடு ஒரு நாளும் ஆண் பெயரில் இருந்ததே இல்லை. மூன்று தலைமுறையாக மகளுக்கு மகள் கை மாறி வந்திருக்கிறது. 1893இல் வீட்டைச் சீதனமாகப் பெற்ற அந்தப் பெண் பிள்ளைக்கு உறுதியில் வயது போட்டிருக்கிறது, 17. கையெழுத்து இட்ட இடத்தில் தமிழில் தன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறா. எழுத்து கொஞ்சம் சரிந்து, கடைசி எழுத்தில் மை திரண்டு நிற்கிறது. அவவின் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. மாடி ஏற்றியதும் அவவாகத்தான் இருக்க வேண்டும், 1893க்கும் 1929க்கும் இடையில் வீட்டுக்கு உரிமைக்காரி அவதானே.

பெரிய மாமாவுக்கு உறுதியின் படங்களை அனுப்பினேன். அட்மிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விற்கிற கதையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இனி என் கேள்வி: இந்த வீட்டைத் தொல்பொருள் என்று பதிய முடியுமா? பதிந்தால் நாங்கள் அதைத் திருத்தவோ விற்கவோ முடியாமல் போகுமா? பங்காளிகளில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும்?

உறுதிப்பெட்டி எழுதியது:

பிள்ளை, படித்துச் சந்தோஷப்பட்டேன். அந்த 1893 உறுதிக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று எடுத்து வையுங்கள், ஃபோனில் எடுத்த படம் போதாது.

தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதன்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவைதான் தாமாகவே பாதுகாப்புக்குள் வரும், உங்கள் வீடு அதற்குப் பிந்தியது. ஆனால் நூறு ஆண்டு கடந்த கட்டடத்தை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆக்க வழி இருக்கிறது. அறிவித்தாலும் உரித்து உங்களுடையதுதான், விற்கலாம். ஆனால் இடிக்கவோ மாற்றிக் கட்டவோ தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வாங்குகிறவருக்கும் அதே கட்டுப்பாடு போகும். அதனால் விலை குறையும் என்று பங்காளிகள் பயப்படுவார்கள், அவர்களைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். குடும்பம் பிளந்துபோகும்.

பங்கு விடயம்தான் அவசரம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஐந்து பேரில் யாராவது ஒருவர் வழக்குப் போட்டால் போதும். நடுமுற்ற வீட்டைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று கண்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லிக் கட்டளையிடலாம். அது நடக்க முதல், வைத்திருக்க விரும்புகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து விற்க விரும்புகிற இரண்டு பேரின் பங்கை நியாயமான விலைக்கு வாங்கப் பாருங்கள். மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு விலை போட்டு, அதைத் தவணையில் கொடுக்க ஒப்பந்தம் எழுதலாம். பெரிய மாமாவின் மனம் இளகியிருக்கிறது என்றால் இதுதான் கேட்க வேண்டிய நேரம்.

சாந்துக்கரண்டி எழுதியது:

மாஸ்டரும் ஐயாவும் சொன்னதோடு இது ஒன்று. எந்த முடிவு வந்தாலும் அதற்கு முன் வீட்டை அளந்து படம் வரைந்து வைக்க வேண்டும்: தரைப்படம், முற்றத்தை வெட்டிப் பார்க்கிற குறுக்குவெட்டுப் படம், யன்னலும் கதவும் தனித்தனியாக. தை பிறந்து மழை ஓய்ந்ததும் நான் என் பெடியன்களோடு வருகிறேன், காசு வேண்டாம். அதற்குள் குசினி மூலையில் இருக்கிற பீலி ஓட்டை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுகினால் மேலே படங்கு கட்டிவிடுங்கள், போதும். பெரியம்மாவிடமும் சொல்லுங்கள், தூணைச் சுரண்டத் தேவையில்லை. பெயின்ற் கழற்றும் பசை பூசித் துணியால் துடைத்தால் ஒரு கீறலும் விழாமல் எழுத்து வெளியே வரும்.